நீல முடி அப்பாவும் பச்சை முடி மகளும்

நாள் 611 | 08:10
செவ்வாயைச் சுற்றும் தகவல் நிலையம். ஆள் ஒருவன்: அருளப்பன், வயது ஐம்பத்திரண்டு. ஆன்டெனா சரி. ஆக்சிஜன் கருவி சரி. காலையில் இரண்டு எபிசோட் ஜப்பானிய அனிமே கார்ட்டூன் பார்த்தேன். வீட்டில் என் மகன் இதைப் பார்த்தபோதெல்லாம் டிவியை அணைத்தவன் நான்தான்.
கண்டுபிடிப்பு: 'கடல் நரிகள்' தொடரின் சமையல்காரர் ஷிகேசோதான், 'இறகு வீராங்கனை'யில் வரும் மியாபியின் காணாமற்போன அப்பா. இருவருக்கும் இடது புருவத்தில் வெட்டு. தரைக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பிவிட்டேன்.

நாள் 611 | 11:40
சிக்னல் போய்வர அரைமணி நேரம். அங்கே பணியில் பொற்கொடி. அவளும் இதே பைத்தியம்.
"அண்ணாச்சி, அவருக்கு நீல முடி, அவளுக்குப் பச்சை முடி. எப்படி அப்பாவாவாரு?"
"அம்மாக்காரிக்கு மஞ்சள் முடியா இருந்திருக்கும். நீலமும் மஞ்சளும் சேர்ந்தா பச்சைதானம்மா?"
"பிள்ளை என்ன பெயிண்ட் டப்பாவா? போய் வேலையப் பாருங்க."
அறுநூறு நாளில் ஒருமுறைகூட இவள் என் பேச்சை ஒப்புக்கொண்டதில்லை. என் மனைவியாவது தீபாவளிக்கு ஒப்புக்கொள்வாள்.

நாள் 614 | 09:05
ஆக்சிஜன் கருவி நின்றது. இரண்டு முறை பிரித்து மாட்டினேன். ஒரு ஸ்க்ரூ மிஞ்சியது. காற்று 19 நாளுக்கு. சரக்குக் கலம் ஒன்று வழியை மாற்றி 16 நாளில் வருகிறதாம். பயமில்லை. கணக்கு எனக்குச் சாதகம்.

நாள் 619 | 14:20
அடுத்த கண்டுபிடிப்பு: கடல் நரிகளின் வில்லன்தான் மியாபியின் பயிற்சியாளர். கண்ணாடி மட்டும் மாட்டியிருக்கிறான்.
"மூச்ச மிச்சம் பிடிங்கன்னா ஆராய்ச்சி பண்ணுதியளோ? அவன் மூணாவது எபிசோட்லயே செத்துட்டான்."
"உடம்பைக் காட்டினாங்களா?"
"ஒங்க மூளையத்தான் எங்கயும் காட்டல."
சிரித்ததில் கொஞ்சம் காற்று செலவு.

நாள் 624 | 10:30
கலம் எங்கே என்று கேட்டேன். "இயக்குநர் கூட்டத்துல இருக்காவ, அண்ணாச்சி." மாலையில் கேட்டேன். அதே கூட்டம். தலை வலிக்கிறது.

நாள் 625 | 10:58
சும்மா இருக்க முடியாமல் பழைய சண்டையைக் கிளறினேன். நீல முடி. அரைமணியில் பதில் வர வேண்டும். ஒரு மணி ஆனது.
"யோசிச்சுப் பாத்தேன் அண்ணாச்சி. நீங்க சொன்னதுதான் சரி. அவருதான் அவளுக்கு அப்பா."
மூன்று முறை போட்டுக் கேட்டேன். கடைசியில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.
அப்படியென்றால் கலம் வரப்போவதில்லை.

நாள் 625 | 12:15
அனுப்பினேன்: "தப்பும்மா. அவர் கப்பலேறி மூணு வருஷம் கழிச்சுத்தான் மியாபி பொறந்தா. நான் உளறினேன். எங்க, ஒரு தடவ திட்டு."
"இல்ல அண்ணாச்சி. நீங்க சொன்னதுதான்."
கெஞ்சிப் பார்த்தேன். திட்ட மாட்டேன் என்கிறாள்.

நாள் 632 | நேரம் பார்க்கவில்லை
கண்டெடுப்பவருக்கு: கையெழுத்து இப்படி இருப்பதற்கு மன்னிக்கவும். பொற்கொடி வீட்டுக்குப் போகவில்லை போல. நிறுத்தாமல் பேசுகிறாள். எல்லாத் தொடரிலும் எல்லாரும் சொந்தக்காரர்களாம்.
"செத்தவுங்க யாரும் சாகல அண்ணாச்சி. வேற தொடர்ல வேற பேருல இருக்காவ. கேக்குதா?"
கேட்கிறது. இதைவிட மட்டமான கண்டுபிடிப்பை நானே சொன்னதில்லை. மறுக்க நூறு காரணம் இருக்கிறது. மைக்கை இழுத்து ஆமாம்மா என்று மட்டும் சொன்னேன். போய்ச்சேரப் பதினைந்து நிமிடம். அதுவரை அவள் பேசிக்கொண்டே இருக்க