மஞ்சள் பலகை

பிப்ரவரி 3
இன்றைய சாதனை: ‘ஜாக்கிரதை, தரை ஈரம்’ என்ற மஞ்சள் பலகையை மாடிப்படியிலிருந்து தூக்கிப்போய் ஆசிரியர் அறை வாசலில் வைத்தேன். பொட்டு ஈரம் இல்லாத தரை. கணக்கு சார் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நடந்தார், பூனை மாதிரி. என் தோழிக்குச் சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிட்டது. ‘வாலு’ பட்டம் எனக்கென்ன சும்மாவா வந்தது?

அதே நாள், மாலை
படி ஈரமாகத்தான் இருந்திருக்கிறது. நூலக டீச்சர் புத்தகக் கட்டோடு இறங்கியிருக்கிறார். ஆம்புலன்ஸ் வந்தது.
நான் படியை நினைக்கவே இல்லை. சத்தியமா இல்ல.

பிப்ரவரி 4
தலையில் அடி. இன்னும் கண் விழிக்கவில்லை.
துடைக்கிற அக்காவை எல்லார் முன்னாலும் நிறுத்திக் கேட்டார்கள். “வெச்சேன் சார், என் புள்ள மேல சத்தியமா வெச்சேன்.”
“வெச்ச பலகைக்குக் கால் மொளைச்சுதா?” என்றார் தலைமை ஆசிரியர்.
முளைத்தது. இரண்டு கால். பத்தாம் வகுப்பு, பி பிரிவு.

பிப்ரவரி 5
தோழி சொல்கிறாள்: “வாய மூடிக்கிட்டு இருடி. போன மாசம் நம்ம கிளாஸ் நெட்டையன் படியில எண்ணெய ஊத்தல? கணக்கு சார் மண்டை உடையணும்னே ஊத்தினான். மன்னிப்புக் கடிதம் எழுதிட்டுத் திரியறான்.”
நிஜம்தான். சார் அன்று வேறு வழியில் போய்விட்டார். அவன் விழவைக்க நினைத்தான், யாரும் விழவில்லை. நான் நினைக்கவில்லை, ஆனா விழுந்துட்டாங்களே! எங்களில் யார் பெரிய பாவி? இந்தக் கணக்கைக் கணக்கு சாரே வந்தாலும் போட முடியாது.

பிப்ரவரி 9
டீச்சர் போயிட்டாங்க.

பிப்ரவரி 10
அப்பாவைக் கூட்டிக்கொண்டு காவல் நிலையம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார்.
“உனக்குக் கெட்ட எண்ணம் இல்லம்மா. சின்னப் பொண்ணு. எச்சரிச்சு அனுப்பறோம்.”
“அப்ப அந்த அக்கா?”
“காயற வரைக்கும் பக்கத்துலயே நிக்கணும்னு அவங்களுக்கு விதி இருக்கு. நிக்கல. ஒரு உயிர் போயிருக்கே.”
அடுத்த மாடியைத் துடைக்கக் கூப்பிட்டார்கள், அக்கா போனார். அவ்வளவுதான்.
“அவங்களுக்கு மட்டும் கெட்ட எண்ணமா இருந்துச்சு சார்?”
அப்பா என் மணிக்கட்டை அழுத்தினார். “கும்பிட்டுட்டு வா, போலாம்.” கும்பிட்டேன். கும்பிட்டேனே, சீ.

பிப்ரவரி 11
தோழி ஒரு ஜோக் சொன்னாள். சிரிக்கத் தெரியாதவள் மாதிரி நின்றேன்.

ஆகஸ்ட் 20
அக்காவுக்கு ஆறு மாதம் ஜெயில். நான் சொன்னதையும் நீதிபதி கேட்டாராம். அக்காவுக்கும் உள்நோக்கம் இல்லை என்று ஒப்புக்கொண்டாராம். ‘ஆனாலும்’ என்றாராம்.

ஆகஸ்ட் 21
புதிதாக வேலைக்கு வந்த அம்மா படியைத் துடைத்துப் பலகையை வைத்துவிட்டு அடுத்த மாடிக்குப் போனார். நான் பலகை பக்கத்தில் நின்றேன். மணி அடித்தது. எல்லாரும் வகுப்புக்குப் போனார்கள்.
“வாலு, இது என்னடி புதுக் குறும்பு?” என்றாள் தோழி.
கடைசிப் படி இன்னும் காயவில்லை.