என் கல்யாணத்தில் பாடாத அக்காவுக்கு

என் செல்ல மேரி அக்கா,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன் கீபோர்டு சிதம்பரத்தில் என் வீட்டு ஹாலில் இருக்கிறது. என் மகள் அதன்மேல் துவைத்த துணியைப் போடுகிறாள், நான் தினமும் திட்டுகிறேன். நீ இருந்திருந்தால் அவளோடு சேர்ந்துகொண்டு என்னைத்தான் கிண்டல் செய்திருப்பாய்.

போன வாரம் ஒரு பத்திரிகையிலிருந்து பேசினார்கள். நீ பாடிய ரிதம் அண்ட் ப்ளூஸ் இசை கடலூருக்கு எப்படி வந்தது என்று கேட்டார்கள். கப்பலில் வேலை பார்த்த எங்கள் சேவியர் மாமாவின் பெட்டிக்குள் நான்கு கேசட்டாக வந்தது என்றேன். சரிதானே?

அப்போது நீ பத்தாம் வகுப்பு. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் சர்ச்சில் பாடிய பாட்டிலிருந்து கிளைத்தது இது என்று மாமா சொன்னதும், அப்படியானால் நம் சர்ச்சிலும் பாடலாமே என்றாய். அடுத்த ஞாயிறே பாடியும் விட்டாய். எல்லோரும் நேராகப் பாடிய கீர்த்தனையில் நீ மட்டும் ஒரு சொல்லைப் பிடித்து, வளைத்து, இழுத்து, மூச்சு முட்டும்போது விட்டாய். பாடகர் குழுவிலிருந்து உன்னை நிறுத்தினார்கள். அப்பா ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. அம்மா மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உன்னைப் போலவே வளைத்துப் பாடிப் பார்த்தாள். உனக்கு அது தெரியுமா?

பிறகு பகலில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை, சாயங்காலங்களில் ஆர்க்கெஸ்ட்ரா. ஞாயிறு மதியம் பஸ் பிடித்துச் சிதம்பரம் போய், கிட்டார் வாசிக்கும் குமார் அண்ணனோடு உன் சொந்தப் பாட்டுகள். வரிகளெல்லாம் நம் ஊர்ப் பேச்சு. முதலில் கேட்டவர்கள், இது பாட்டா பேச்சா என்று சிரித்தார்கள். நீ அசரவில்லை.

அக்கா, அடுத்ததை எழுத எனக்குக் கை கூசுகிறது. என் கல்யாணத்தின்போது மாப்பிள்ளை வீட்டார், அக்கா மேடையில் பாடுகிறவளா என்று முகம் சுளித்தார்கள். நான் உன்னிடம் வந்து, "ரிசப்ஷன்ல நீ பாட வேணாங்க்கா, அவுங்க ஒரு மாதிரி நெனைப்பாங்க" என்றேன். "சரிடி" என்றாய். அவ்வளவுதான். அன்று மாமியாரின் சொந்தக்காரர் ஒருவர் உன்னைப் பற்றிக் கேட்டபோது, லேபில் வேலை பார்க்கிறாள் என்று மட்டும் சொன்னேன். நீ என் பின்னால் நின்றிருந்தாய்.

இரண்டு வருடம் கழித்துச் சிதம்பரத்தில் உன் கச்சேரி. என் வீட்டுக்காரர்தான் பிடிவாதமாக என்னை அழைத்துப் போனார். நீ ஒரு புதுப் பாட்டு பாடினாய்:

"கடைசிப் பந்தியில ஒக்காந்தேன்,
எலை இருக்கு, சோறு இருக்கு,
எம் பேரு மட்டும் இல்ல."

மறுபடி பாடச் சொல்லிக் கூட்டம் கத்தியது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து, என்னைப் பற்றியா என்று கேட்டேன்.

நீ வேர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னாய்: "ஒன்னப் பத்திதான். கோவத்துல எழுதலடி. வலிச்சா எனக்கு மெட்டு வருது, நான் என்ன பண்றது?"

பிறகு என் தலையில் கை வைத்து, சாப்பிட்டாயா என்று கேட்டாய்.

அந்தப் பாட்டுதான் உன்னைச் சென்னைக்கும் பெங்களூருக்கும் கூட்டிப் போனது. பிறகு தைராய்டு ஆபரேஷன். குரல் திரும்பாமல் போகலாம் என்றார் டாக்டர். நான்கு மாதம் எழுதிக் காட்டியே பேசினாய். குரல் திரும்பியபோது தடித்து, கீழே இறங்கி இருந்தது. நான் அழுதேன். நீயோ குமார் அண்ணனைக் கூப்பிட்டு எல்லாப் பாட்டையும் சுருதி இறக்கி வாசிக்கச் சொன்னாய். மார்வலி வந்து நீ இறந்துபோகும்வரை பாடிய அந்த ஆறு வருடப் பாட்டுகளைத்தான் இப்போது எல்லோரும் கேட்கிறார்கள்.

நேற்றுக் கடலூரிலிருந்து திரும்பும்போது, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக் காலேஜ் பெண்ணின் போனில் உன் குரல். "எங்க அக்காதாம்மா அது" என்றேன். அவள் நம்பாமல் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்டின்னா ஒரு வரி பாடுங்க" என்றாள்.

பாடினேன் அக்கா. ஓடுகிற பஸ்ஸில், இத்தனை பேர் நடுவில். சுருதி எங்கேயோ போயிற்று. கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "நீங்க அவுங்க தங்கச்சியா இருக்க சான்ஸே இல்ல" என்றாள். நான் இறங்கும்வரை, "தங்கச்சிதாம்மா, தங்கச்சிதான்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

இனி யாரும் கேட்கக்கூட வேண்டாம், நானே முந்திக்கொண்டு சொல்வேன். நம்பாதவர்களிடம் பாடியும் காட்டுவேன். நீ காதைப் பொத்திக்கொள்.

பாட்டுக்காரி மேரியின் தங்கச்சி,
ரோசி