பெட்டிக்குள்ளிருந்து ஒரு ‘ம்’

ஏங்க, இன்று நம் பையன் என்னை ஒரு டூல்ஸ் கடைக்கு இழுத்துக்கொண்டு போனான். இழுத்துக்கொண்டு என்பது பொய். வண்டியில் முதலில் ஏறி உட்கார்ந்தது நான்தான். பெட்டி அடிக்கிற நம் மரப் பட்டறைக்கு நெயில் கன் வாங்கப் போகிறான் என்று மருமகள் காலையில் சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காற்றின் வேகத்தில் ஆணி இறக்குகிற துப்பாக்கி அது. உங்கள் காலத்தில் இல்லாத சாமான். கடைக்காரர் காற்றுக் குழாயை மாட்டி ஒரு கட்டையில் சுட்டுக் காட்டினார். ‘டப்’ என்று ஒரே சத்தம். விரல் நீளத்து ஆணி தலைவரைக்கும் உள்ளே போய்விட்டது. என் வலது கை தானாக முந்தானைக்குள் போய் ஒளிந்துகொண்டது.

இரண்டு வகை காட்டினார். ஒன்றில் விசையை அமுக்கிப் பிடித்துக்கொண்டால் போதும், மூக்கு மரத்தில் படுகிற இடமெல்லாம் ஆணி இறங்கும். இன்னொன்றில் ஒவ்வொரு ஆணிக்கும் முதலில் மூக்கை மரத்தில் அழுத்த வேண்டும், பிறகுதான் விசையை இழுக்க வேண்டும். பையனுக்கு முதல் வகைமேல் கண்.

“கம்பெனிக்காரன் பொட்டியக் கேட்டுக்கினே இருக்காம்மா. வேகந்தான் வேணும்.”

எதிர்ப்பக்கம் கட்டையைப் பிடிக்கப்போவது அவன் பெண்டாட்டி.

பிரெஞ்சு வெள்ளைக்காரர்கள் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்த வருஷங்கள் ஞாபகம் வந்தன. கட்டில், நாற்காலி செய்த கைகளெல்லாம் அப்போது அவர்கள் சாமான்களைக் கப்பலில் ஏற்றப் பெட்டி அடித்தன. பலகை பிடிக்க ஆள் கிடைக்காமல் நீங்கள் என்னைக் கூட்டிப்போனீர்கள். பிடிக்கிறவர் சொன்ன பிறகுதான் சுத்தியல் இறங்க வேண்டும் என்பது உங்கள் முறை. “போடுன்னு சொல்லு” என்றீர்கள். நாலு பேர் பார்க்கப் புருஷனை அப்படிச் சொல்ல எனக்கு நாக்கு வருமா? கடைசியில் ‘ம்’ என்று முடிவாயிற்று. ஒரு ‘ம்’முக்கு ஓர் ஆணி.

அன்று ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் கண்ணாடி அலமாரிக்குப் பெட்டி. என்னைவிட உயரம். நான் ஒல்லி என்பதால் அலமாரிக்கும் பலகைக்கும் நடுவில் நுழைந்து, மூலைச் சட்டத்தை உள்ளேயிருந்து பிடித்துக்கொண்டு நின்றேன். என் கை உங்களுக்குத் தெரியாது, உங்கள் முகம் எனக்குத் தெரியாது. பலகை இடுக்கில் கொஞ்சம் வெளிச்சம், அவ்வளவுதான். அந்த வீட்டுச் சாமான்களுக்குப் பொறுப்பாக நின்ற மேஸ்திரி நம் ஊர் மனுஷர். ஆனாலும் ‘சீக்கிரம்’ என்று விரட்டுவதை மட்டும் பிரெஞ்சில்தான் விரட்டுவார்.

“வித்! வித்! கப்பல் ஒனக்கோசரம் நிக்குமாய்யா?”

அவர் போட்ட சத்தத்தில் வெளியே பலகையைத் தாங்கிய அவருடைய ஆட்கள் அதை வேகமாகத் தள்ளிவிட்டார்கள். சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில் என் வலது கை விரல்கள் மாட்டிக்கொண்டன. கத்த வாயைத் திறந்தேன், மூச்சுதான் வந்தது. வெளியே நீங்கள் ஆணியை வைத்துவிட்டது இடுக்கில் தெரிந்தது. சரியாக என் விரலுக்கு நேரே.

நீங்கள் அடிக்கவில்லை.

“இன்னாய்யா பாத்துக்கினு நிக்கிற?”

“அவ இன்னும் சொல்லல.”

“பொம்பள சொல்லணுமா? நவுரு நீ.” அவர் இன்னொரு சுத்தியலை எடுக்கிற சத்தம் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். விரல்கள் போயின என்றே நினைத்தேன். அப்போது உங்கள் குரல் கேட்டது. நீங்கள் கத்தக்கூட இல்லை.

“அடிங்க. எங் கைமேலியே அடிங்க.”

கண்ணைத் திறந்தால் இடுக்கு இருட்டாக இருந்தது. ஆணியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டிருந்தீர்கள். எனக்கு அப்போதுதான் குரல் வந்தது.

“வெரலு மாட்டிக்கிச்சிங்க” என்று அழுதேன்.

பலகையைப் பிரித்து என்னை வெளியே எடுத்தபோது நகங்கள் கருத்துக் கிடந்தன. மேஸ்திரி அதைப் பார்த்தும், “வேற ஆளப் பாத்துக்கறேன், போங்க” என்றார். முதலியார்பேட்டை வீட்டுக்கு வரும்வரைக்கும் நான் உங்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். கை வலி ஒரு பக்கம், வேலை போன ஆத்திரம் ஒரு பக்கம். நீங்கள் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தீர்கள்.

“பொட்டிய எவனாச்சும் அடிச்சிக்குவான். வெரல எந்த ஆசாரி செஞ்சி குடுப்பான்?”

அதற்கப்புறம் நான் அழுதது வலிக்காக இல்லை. உங்கள்மேல் அவ்வளவு ஆசை பொங்கிவிட்டது. நடுத்தெருவில் அதை எப்படிச் சொல்வது என்று விட்டேன், பிறகு சொல்லவே இல்லை. இப்போது சொல்கிறேன்.

இன்று கடையில் பையன் வேகமான துப்பாக்கிக்கே பில் போடச் சொன்னான். “அது வேணாம், இத எடு” என்றேன்.

“ஒனக்கு இன்னாம்மா தெரியும் இதப்பத்தி? பேசாம இரு.” கடைக்காரர் முன்னால் அவன் குரல் ஏறியது. எனக்கும் ஏறியது.

“சரி, அதையே வாங்கு. ஆனா இன்னைலேர்ந்து எதிர்ல கட்டையப் புடிக்கறது நானு. பெத்தவ கைய வெச்சிக்கினு எவ்ளோ வேகமா அடிக்கிறன்னு நானும் பாக்கறேன்.”

கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பையன் என் முகத்தையே பார்த்தான். பிறகு அந்தத் துப்பாக்கியை வைத்துவிட்டு மற்றதை எடுத்தான்.

இந்நேரம்வரை அவன் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். நீங்கள் போய்விட்டீர்கள், குறுக்கே கை வைக்க இந்த வீட்டில் ஓர் ஆள் வேண்டாமா?