படியில் யார் நிற்பது

பிப்ரவரி 22

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம்தான். போனில் பேசலாம் என்றால் குட்டி உன் தோளில் தொங்கிக்கொண்டே நிற்கிறாள். மனசில் இருப்பதைக் கேட்க முடிவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நேற்று பேசினாள். "சித்தி சொன்னாங்க, சித்தி சிரிச்சாங்க, சித்தி கிளாஸ்ல எல்லாரையும் அழ வச்சுட்டாங்க." அம்மா சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை இல்லை. பெற்றுவிட்டு இவ்வளவு தூரத்தில் வந்து வேலை பார்ப்பது நான், பேர் வாங்குவது நீ. இதையே நினைத்துக்கொண்டு வார்டில் ஒரே தாத்தாவுக்கு இரண்டு தடவை காய்ச்சல் பார்த்தேன். "என்ன நர்ஸம்மா, நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டுவிட்டார்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து கால ஞானஸ்நான வகுப்பை நீ எடுப்பதில் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஈஸ்டர் அன்று ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து ஏறிவருகிறவளைத் துடைத்துவிடப் படியில் டவலோடு நிற்கப்போவது யார்? நம் சபை வழக்கப்படி பிள்ளைதானே ஆளைச் சொல்லவேண்டும்? என்னை இன்னும் கேட்கவில்லை. உன்னைக் கேட்டுவிட்டாளா? மழுப்பாமல் எழுது.

உன் அக்கா

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

பேர் வாங்குகிறேனாம்! பதின்மூன்று வயசுப் பிள்ளைகள் ஏழு பேரை சனிக்கிழமை சாயங்காலம் ஒரு அறையில் உட்காரவைத்துப் பார், தெரியும். ஒருத்தன் பெஞ்சுக்கு அடியில் போன் விளையாடுகிறான். ஒருத்தி, தொட்டியில் வெந்நீரா பச்சைத்தண்ணீரா என்பதைத் தவிர வேறு சந்தேகமே கேட்பதில்லை.

போன வாரம் ஆபிரகாமோடு கடவுள் செய்த உடன்படிக்கை. அந்தக் காலத்தில் பலிமிருகத்தை இரண்டாகப் பிளந்து வைத்து, வாக்குக் கொடுக்கிற இரண்டு பேரும் நடுவே நடப்பார்களாம். அன்றைக்கு ஆபிரகாம் அசந்து தூங்கிவிட்டார், கடவுள் மட்டும் தனியாக நடந்தார் என்று சொன்னேன். உன் மகள் கையைத் தூக்கினாள்: "எதிர்ப்பக்கம் ஆளே வரலைன்னாலும் வாக்கு வாக்குதானா சித்தி?" ஆமாம் என்றேன்.

என்னை அவள் கேட்கவில்லை. போதுமா? வயிறு குளிர்ந்ததா?

உன் தங்கை

மார்ச் 9

தங்கச்சி,

எதிர்ப்பக்கம் வராத ஆள் நான்தானே? பிள்ளை தானாக அப்படிக் கேட்பாளா? உடன்படிக்கை என்று சொல்லி, பெற்றவளை வராதவளாக்கிக் காட்டுகிறாய். நான் இங்கே ஊர் சுற்றவா வந்தேன்?

போதகர் ஐயாவுக்கு எழுதிவிட்டேன். எனக்கு அடுத்த வருஷம்தான் லீவு. அதுவரை என் மகளுக்கு ஞானஸ்நானம் வேண்டாம். தண்ணீர் எங்கேயும் ஓடிவிடாது.

அக்கா

மார்ச் 20

அக்கா,

எழுதிக் கிழித்துவிட்டாய். இப்போது கேட்டுக்கொள்.

போதகர் என்னைக் கூப்பிட்டு உன் கடிதத்தைக் காட்டினார். பிறகு, எனக்குத் தெரியாத ஒன்றையும் சொன்னார். லெந்து தொடக்கத்திலேயே ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கேட்டாராம், படியில் யார் நிற்பது என்று. உன் மகள் சொன்னது: "அம்மா. அம்மாவால வர முடியலைன்னா படி காலியா இருக்கட்டும். அம்மாகிட்ட சொல்லாதீங்க ஐயா, லீவு கிடைக்காம அழுவாங்க."

தலைவாரி விடுவது நான். காய்ச்சலில் கண்விழிப்பது நான். எனக்குக் காலிப் படி! எனக்கு மட்டும் எரியாதா அக்கா? உன்மேல் எனக்கு எவ்வளவு பொறாமை என்று உனக்குத் தெரியாது.

போதகர் அவளிடம் உன் முடிவைச் சொன்னார். "அம்மா சொன்னா சரி" என்றாள். இப்போது கடைசி பெஞ்சில் உட்காருகிறாள். மற்ற ஆறு பேரும் ஏன் நீ மட்டும் இல்லை என்று கேட்டால், "எனக்குச் சளி" என்கிறாள். அம்மாதான் இந்த வருஷம் வேண்டாம் என்றாள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

இதற்குமேல் உன் இஷ்டம்.

தங்கை

மார்ச் 27

என் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை நர்ஸ்கள் உடை மாற்றும் அறையில் நின்றுகொண்டே வாசித்தேன்.

போதகரிடம் பேசிவிட்டேன். குட்டி இந்த ஈஸ்டருக்கே ஞானஸ்நானம் எடுக்கட்டும். மேட்ரனிடம் கெஞ்சியும் பார்த்தேன், லீவு இல்லை. நேற்று நீ கடைக்குப் போயிருந்த நேரம் குட்டியைப் போனில் கூப்பிட்டேன். படியைக் காலியாக விடாதே, சித்தி நிற்கட்டும் என்று என் வாயாலேயே சொன்னேன். "உனக்குக் கஷ்டமா இருக்காதாம்மா?" என்றாள். இருக்காது என்று பொய் சொன்னேன். "அப்போ சித்தியைக் கேக்கட்டுமா?" என்றாள். அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம். இத்தனை நாள் எனக்காகத்தான் அடக்கி வைத்திருந்திருக்கிறாள்.

கடைசி வகுப்பு முடிந்ததும் உன்னிடம் வந்து கேட்பாளாம். தெரியாதவள் மாதிரி இரு.

எனக்கு எரிச்சல் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. நீ நில். நன்றாகத் துடைத்துவிடு, அவளுக்குச் சீக்கிரம் சளி பிடிக்கும். போட்டோவை மட்டும் உடனே அனுப்பிவிடாதே. நானாகக் கேட்கிற வரைக்கும் பொறுத்துக்கொள்.

அக்கா