உன் பெயரில் ஓடுகிற வண்டி

என் சேக்காளி இசக்கிமுத்துவுக்கு,

நீ செத்து ஏழு மாதம் ஆகிறது. நேற்று மதியமும் நீ வாட்ஸ்அப்பில் ஆன்லைனில் இருந்தாய். இதை வேறு யாரிடம் சொன்னாலும் என்னை டாக்டரிடம் கூட்டிப்போவார்கள். அதனால் உன்னிடமே சொல்கிறேன்.

நம் திட்டம் உனக்கு ஞாபகம் இருக்கும். பாளையங்கோட்டையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்துவிட்டு, மேற்படிப்புக்கு நீ போலந்துக்கும் நான் ஜெர்மனிக்கும் போனோம். வசந்த விடுமுறையில் நான் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு பிராக் பார்த்துவிட்டு கிராகோவ் வர வேண்டும். நீ அங்கே வந்து சேர்ந்துகொள்வாய். பிறகு இரண்டு பேருமாக வார்சாவில் உன் அறைக்கு. "எனக்கு ஒரே மெத்தைதாம்லே இருக்கு. நீ செவரு ஓரமா படுத்துக்கோ. கொறட்டை விட்டேன்னு வையி, தூக்கி ஆத்துல போட்டுருவேன்" என்றாய். கிராகோவில் விடுதிப் படுக்கை இரண்டையும் முன்கூட்டியே பதிந்து வைத்தவனும் நீதான்.

அதற்குள் பனி விழுந்தது. படிப்புக்கு நடுவே டெலிவரி வேலைக்காகச் சாப்பாட்டுப் பையை முதுகில் சுமந்து சைக்கிளில் போன உன்மேல் ஒரு லாரி ஏறிவிட்டது. நீ வேலை பார்த்த நிறுவனத்துக்கு நீ செத்தது தெரியாது. ஒரு ஆர்டர் போய்ச் சேரவில்லை என்பது மட்டும் தெரியும்.

மூன்று வாரம் கழித்து உன்னைப் பெட்டியில் அனுப்பினார்கள். திறக்க வேண்டாம் என்றார்கள். கடல் தாண்டி, நாலு விமான நிலையம் தாண்டி வந்த பெட்டியை உன் ஊர் மேலத்தெரு வழியாகக் கொண்டுபோக விடவில்லை. வயல் வரப்பில் எட்டுப் பேர் சாய்ந்து சாய்ந்து தூக்கிக்கொண்டு போனதை நான் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பரீட்சை இருந்தது. எழுதினேன். பாஸும் ஆனேன். த்தூ.

ஒரு மாதத்தில் உன் அம்மா கூப்பிட்டாள். "யய்யா ஜெபா, அவன் பேருக்குக் கீழ ஆன்லைன்னு வருதுய்யா. அந்தப் பொட்டிக்குள்ள இருந்தது யாரு?"

அடுத்ததையும் அவளே சொன்னாள். "அவன் கடைசியா போட்டிருந்த துணி எங்கயாச்சும் கெடக்கும். அத எடுத்துட்டு வா. ஆத்துல விட்டாத்தான் போவான்."

அதற்காகத்தான் போனேன். நாம் போட்ட வழியிலேயே போனேன். பிராகில் எதைப் பார்த்தேன் என்று கேட்காதே. கிராகோவில் இரண்டு படுக்கையும் தயாராக இருந்தன. மேல்கட்டிலில் உன் பெயர் எழுதிய அட்டை. ரத்துசெய்ய எனக்குத் தோன்றவே இல்லை. காலையில் வரவேற்பறைப் பெண், "உங்கள் நண்பர் எழுந்துவிட்டாரா?" என்று கேட்டாள். எழுந்துவிட்டார் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

வார்சா பஸ்ஸில் பழக்கதோஷத்தில் உன் எண்ணைத் திறந்தேன். பெயருக்குக் கீழே ஆன்லைன் என்று வந்தது. ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

உன் அறையில் இருந்த மைதீன் அண்ணனிடம் வருவதாகச் சொல்லியிருந்தேன். வாசலில் மழையில் நின்றேன். மஞ்சள் ஜாக்கெட், முகத்தை மூடிய ஹெல்மெட், முதுகில் பெட்டி. சைக்கிளில் வந்து, ஒரு காலை நடைபாதையில் ஊன்றி, உன்னைப் போலவே சாய்ந்து நின்றது அந்த உருவம். இடது கையில் நீளமாக ஒரு தையல். "ஏலே" என்று கத்திவிட்டேன்.

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து தாடி வைத்த, நாற்பதைத் தொடுகிற ஒரு முகம் வந்தது. "ஜெபா தம்பியா? நான்தான் மைதீன். மேலப்பாளையம். இசக்கி பொட்டிய பிளேன்ல ஏத்திவிட்டதும் நான்தான்."

மூன்று மெத்தை, ஆறு பேர். உன் மெத்தையில் யாரோ போர்வையை இழுத்து மூடித் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மைதீன் அண்ணன் டீ போட்டார். அப்போது அவர் பையிலிருந்த போன் மணியடித்தது. கண்ணாடி விரிசல் விட்ட உன் போன். ஆர்டர் கொடுத்தவர்களோடு வாட்ஸ்அப்பில் பேசுவதும் அதில்தான். வேலையைத் தொடர, கணக்குக்குரியவரின் முகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டது உன் நிறுவனத்தின் செயலி.

அவர் தன் போனில் ஒரு படத்தைத் திறந்தார். ஊரில் உனக்கு ஒட்டிய போஸ்டர். 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்தைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டு, உன் முகத்தை உன் போனுக்கு நேராகப் பிடித்தார். அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்து அனுப்பியவன் நான். ஆற்றில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு நீ சிரிக்கிற படம். இரண்டு தடவை மறுத்தது. மூன்றாவது தடவை பச்சையானது. நன்றி, இசக்கிமுத்து என்றது.

"என்ன அண்ணே செய்யுதிய?" என்று கேட்டேன்.

"என்னத்தச் செய்யச் சொல்லுத? மொழி படிக்கன்னு விசா வாங்கி வந்தேன். மூணு மாசத்துல பள்ளிக்கூடத்தையே பூட்டிட்டு ஓடிட்டான். எம்பேர்ல வேலை பாக்க வழியில்ல. மவுத்தாப்போன பிள்ள பேர்ல கஞ்சி குடிக்கேன்." டீயை என் பக்கம் தள்ளினார். "மொத நாளு படத்தத் தொறந்து தொறந்து மூடுனேன். போட்டோவுல முழிச்சுப் பாத்துக்கிட்டே இருக்காம்லா. இப்பம்லாம் ‘பொறப்படுவோமாடே’ன்னு கேட்டுட்டுத்தான் கெளம்புதது."

சட்டையைப் பிடித்து உலுக்கத்தான் எழுந்தேன். முடியவில்லை. யாரை உலுக்குவது? சொந்த ஊரில் ஒரு தெருவுக்குள் உன் உடம்பை விடவில்லை. வார்சாவில் உன் பெயர் எல்லாத் தெருவுக்குள்ளும் போகிறது, மாடி ஏறிக் கதவைத் தட்டுகிறது. கதவைத் திறக்கிறவன் நன்றி இசக்கிமுத்து என்கிறான். நீ உயிரோடு இருந்தபோது எத்தனை பேர் அப்படிச் சொன்னார்கள்?

உன் அம்மா துணியைக் கேட்டதைச் சொன்னேன். அவர் எழுந்து அந்த ஜாக்கெட்டை அங்கேயே கழற்றினார். நீ கடைசியாகப் போட்டிருந்தது அதுதான். கிழிந்த கையைத் தைத்துப் போட்டிருக்கிறார். "இதக் கொண்டுபோ. பேர மட்டும் கேக்காத தம்பி." மெல்லிய ஸ்வெட்டரோடு மழைக்குள் இறங்கிப் போனார். என் போனைத் திறந்தேன். நீ ஆன்லைனில் இருந்தாய்.

ஊருக்கு வந்ததும் போன வெள்ளிக்கிழமை உன் அம்மாவோடு சீவலப்பேரிக்குப் போனேன். சிற்றாறு வந்து தாமிரபரணியில் கலக்கிற இடம். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். ஜாக்கெட்டைத் தண்ணீரில் வைத்தாள். அது அமுங்கவில்லை. உள்ளே காற்றுப் புகுந்து தோள் உப்பி, கை இரண்டையும் விரித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போய் ஆகாயத்தாமரையில் சிக்கி நின்றது. முதுகுப் பட்டை வெயிலில் பளபளத்தது. குப்புறக் கிடக்கிற ஆள் மாதிரி. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அவள் திருப்பவில்லை.

"போனப் பாரு. இப்பம் இருக்கானா?"

இல்லை. ஆன்லைன் என்று வரவில்லை. "போயிட்டான் யம்மா" என்றேன்.

"போவல்ல. இன்னைக்கு வெள்ளிக்கெழமைலா." முந்தானையால் கையைத் துடைத்தாள். "முப்பது வருசமா மேலப்பாளையத்துக் கடைக்குப் பீடி சுத்துதேன். தொழுகைக்கு எப்பக் கடைய அடைப்பாவன்னு எனக்குத் தெரியாதா? நமக்கு அஞ்சு மணின்னா அந்த நாட்டுல மதியம் ஒண்ணரையாம், எம்மவ சொன்னா. வாரம் முச்சூடும் இந்நேரம் இருக்கான். வெள்ளிக்கெழம மட்டும் ஒரு மணி நேரம் இருக்க மாட்டான். எம்புள்ள என்னைக்குலே தொழுவப் போனான்?"

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மைதீன் அண்ணன், போஸ்டர், பெருவிரல். அழவில்லை அவள். ஜாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையிலிருந்த போனில் அந்தச் சொல் திரும்பி வந்தது. தொழுகை முடிந்துவிட்டது.

"அவனுக்குப் பிள்ளைகுட்டி இருக்கா?"

"ரெண்டு."

"திரும்ப பனி விழுமா அங்க?"

"விழும்."

"அவன் லாரில அடிபட்டான்னா யாரு செத்ததா எழுதுவாவ?" என் பக்கம் திரும்பினாள். "எம்புள்ள இன்னொரு தரம்லா சாவான்? அவன் புள்ளைகளுக்கு யாரு வந்து சொல்லுவா?"

இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை இசக்கி. படித்தவன் நான்.

அடுத்த மாதம் திரும்பிப் போகிறேன். முதலில் வார்சாவுக்குத்தான். மைதீன் அண்ணனுக்கு அவர் பெயரிலேயே ஒரு வேலை கிடைக்கிறவரை எத்தனை அலுவலகப் படி ஏறவேண்டுமோ ஏறுவேன். நடக்குமா என்று தெரியாது. ஆனால் முதல் பனி விழுவதற்குள் உன்னை அந்தச் சைக்கிளிலிருந்து இறக்கிவிடுவேன். அதன்பிறகு உன் அம்மா போனைப் பார்த்தால் அங்கே யாரும் இருக்கக் கூடாது. அதுவரை, வண்டியைப் பார்த்து ஓட்டச் சொல்லு அவரிடம். நீ சொன்னால் கேட்பார். தினமும் உன்னிடம் கேட்டுவிட்டுத்தானே கிளம்புகிறார்.

உன் அம்மாவுக்கு மிஞ்சியிருக்கிற மகன்,
ஜெபா