கறுப்பு என்றால் ஆழம்

ராயபுரம்
14-9-1952

என் செல்வ மகள் சிவந்திக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மையும் கடையும் நலம். கல்கத்தாக் கடுகெண்ணெய் உன் வயிற்றுக்கு ஒத்துக்கொண்டதா என்று அம்மை தினமும் என்னைக் கேட்கிறாள், என்னமோ நான்தான் அதை ஆட்டி அனுப்புகிறவன் மாதிரி.

நீ தபாலில் அனுப்பிய மூன்று படங்களும் கிடைத்தன. எண்ணூர் வரைக்கும் எந்தக் குப்பத்தில் எத்தனை ஜனம் என்பதை ஒன்றில் புள்ளி வைத்தும், ஒன்றில் வட்டம் போட்டும், ஒன்றில் ஜனம் கூடக் கூடக் கறுப்பைக் கூட்டித் தீட்டியும் காட்டியிருந்தாய். படிக்காதவர்களுக்கு இதெல்லாம் புரியாது என்று உன் புரொபசர் சொல்ல, புரியும் என்று நீ மல்லுக்கு நிற்கிறாய். இதில் தோற்றால் படிப்பை விட்டுவிட்டு வந்து கல்யாணத்துக்குச் சம்மதிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டவன் நான். என்னையே பரீட்சை நடத்தச் சொன்னாயே, உன் நெஞ்சழுத்தம் யாருக்கு வரும்!

கட்டுமரங்கள் கரையேறின பிறகு காசிமேட்டில் பத்து நாள் அலைந்து இருபது பேரிடம் காட்டினேன். அதிக ஜனம் எங்கே என்றால், புள்ளிப் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். மீன் விற்கும் கோவிந்தம்மா வட்டத்தைக் கூடை வாய் என்று எடுத்துக்கொண்டாள். வாய் ரெண்டு பங்கு அகலம் இருந்தா, ஒரு வரிசை பரப்பினாலே நாலு பங்கு மீனு புடிக்கும் நைனா என்றாள். நான் இரண்டு பங்கு என்று நினைத்திருந்தேன். முப்பது வருஷம் தராசு பிடித்தவன், வெளியே சொல்லாதே.

கறுப்புப் படத்தில்தான் கவிழ்ந்தோம். மிகவும் கறுத்த இடத்தில் ஜனமே இல்லை என்று பதினெட்டுப் பேர் சொல்லிவிட்டார்கள். உன் படிப்பு போயிற்றே என்று பென்சிலை எடுத்து, கட்டுமரக்காரன் கோதண்டத்தின் பதிலைத் திருத்தியும் விட்டேன். அம்மை பார்த்துவிட்டாள். பிள்ளையின் பரீட்சையில் தகப்பன் காப்பியடிக்கிற கூத்தை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள். வெட்கத்தோடு அழித்தேன்.

மறுநாள் கோதண்டம் கரைக்கு வந்ததும், ஏனப்பா அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். கறுப்பா கீதே, அது ஆழம் நைனா, ஆழத்துல எவன் வூடு கட்டுவான் என்று சிரித்தான். கரையோரத்துத் தண்ணீர் வெளுத்திருக்கும், உள்ளே போகப் போகக் கறுக்கும். அதைப் பார்த்துத்தான் அவர்கள் பிழைப்பே. மற்றவர்களையும் தேடிப்போய்க் கேட்டேன். பதினேழு பேரும் ஆழம் என்றே சொன்னார்கள். சரியாகச் சொன்ன இரண்டு பேரும் கடலில் கால் நனைக்காத தையற்காரர்கள்! சந்தோஷத்தில் வேட்டி அழுக்காவதைக்கூடப் பார்க்காமல் மணலில் உட்கார்ந்துவிட்டேன். படம் புரியாதவர்கள் ஆளுக்கொரு தப்பு அல்லவா செய்வார்கள்? பதினெட்டுப் பேரும் ஒரே தப்பைச் செய்தால், அவர்கள் படத்தைப் படித்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? இதை அப்படியே உன் புரொபசரிடம் கேள்.

பதில்கள் எல்லாம் ரிஜிஸ்தர் தபாலில் வருகின்றன. ஒரு தாளில் அழித்த தடம் இருக்கும். அது என் வேலைதான் என்று பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

தூத்துக்குடி மாப்பிள்ளை வீட்டார் நேற்று முடிவு கேட்டு வந்தார்கள். என் மகளுக்கு இன்னும் படிக்க வேண்டியது நிறைய இருக்கிறது என்று சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். அம்மை கோபித்துக்கொள்வாள் என்று பயந்தேன். அவளோ எனக்கு மட்டும் இரண்டாவது தம்ளர் காப்பி கொண்டுவந்தாள்.

புரொபசர் ஒத்துக்கொண்டாலும் சரி, கொள்ளாவிட்டாலும் சரி, என் நிபந்தனை இனி இல்லை. முருகன் துணையிருப்பான். முழுக்கப் படித்து முடித்துவிட்டே வா, மகளே. சீக்கிரம் வந்துவிடு என்று எழுதச் சொன்னது உன் அம்மை. நான் அதை எழுதவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
ஆறுமுகநயினார்