படைக்கலக் கொட்டிலில் குடியேறிய மணற்பல்லிகள்

மழை முந்துக, மண் குளிர்க, சொன்ன சொல் நிலைக்க.

ஏழருவிக்கு உடையவரும் முகிற்கொடி உயர்த்தவருமாகிய மாரிநாட்டு வேந்தர் செழுமாரிக் கோவின் திருவாணையைத் தலைமேற்கொண்டு, தலைமை அமைச்சன் குயிலூர் மருதங்கண்ணன், ஆயிரம் மணற்குன்றுகளுக்கு அரசியும் வெயிற்கொடி உயர்த்தவருமாகிய சுரநாட்டு எரிகதிர்ப் பெருந்தேவியாரின் திருமுன்பு வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் கிணறுகள் ஊறுக; ஒட்டகங்கள் பெருகுக; வழிச்சென்ற தங்கள் வணிகர் நலமாய் வீடு திரும்புக.

பத்தாண்டுப் போர் ஓய்ந்து, சென்ற பங்குனியில் எல்லைப் பாறையருகே இரு நாடும் கைகோத்தபோது, தங்கள் குலவழக்கப்படி ஆணும் பெண்ணுமாக இரண்டு முள்வால் மணற்பல்லிகளை எங்கள் வேந்தர் கையில் தாங்களே தந்தீர்கள். ஓராண்டு அவை உயிரோடிருந்தால் உடன்படிக்கை கல்லில் ஏறும், சிறைப்பட்டோர் வீடு திரும்புவர் என்றும், இறந்துபோனால், ஒரு சிற்றுயிரைக் காக்கத் தெரியாதவர் சொல்லையும் காக்கமாட்டார் என்று கொண்டு மீண்டும் போர்முரசு ஒலிக்கும் என்றும் அருளினீர்கள். தங்கள் தூதர் வரும் பங்குனி முழுமதியன்று வந்து பார்க்குமுன், நடந்ததை மறைக்காமல் எழுதிவிடும்படி வேந்தர் பணித்தார். எனக்கும் அதுவே கருத்து. ஆயினும் எழுத வெட்கமாக இருக்கிறது.

தேவியாரே, எங்கள் நாட்டில் விருந்தினருக்கு நாங்கள் செய்யும் பெரிய சிறப்பு நிழலும் நீரும். ஆகவே தங்கள் பல்லிகளைத் தாமரைக்குளத்தருகே குளிர்ந்த மண்டபத்தில் பட்டு விரித்து அமர்த்தினோம்; பனிநீர் தெளித்தோம்; வெள்ளிக் கிண்ணத்தில் பாலும் பழச்சாறும் வைத்தோம். பத்தே நாளில் மணல்நிறம் மாறிக் கரிக்கட்டையாய்க் கறுத்தன. வாயைத் திறக்கவில்லை, கண்ணையும் திறக்கவில்லை. அரண்மனை மருத்துவர் உடற்சூடு என்று கண்டு சந்தனம் அரைத்துப் பூசினார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். விசிறி கொண்டு வீசியவன் நான்தான்.

அவை பிழைக்கமாட்டா என்று தோன்றிய நாளில், தோட்டத்து ஓணான் இரண்டைப் பிடித்து மஞ்சள் பூசித் தூதருக்குக் காட்டிவிடலாம் என்று அவையில் ஒருவர் மெல்லச் சொன்னார். அந்த ஒருவர் பெயரை இங்கே எழுதவில்லை; எழுத்தாணி பிடித்திருக்கும் கை அதற்கு ஒப்பவில்லை. வேந்தர் சினந்தார், பேச்சு அத்துடன் முடிந்தது.

மறுநாள் காலை பெண்பல்லியைக் காணோம். அரண்மனையே கலங்கிற்று. வாழைத்தோப்பு, கிணற்றடி, பாசிபடிந்த படிக்கட்டு என்று குளிர்ந்த இடமெல்லாம் மூன்று நாள் குனிந்து தேடினோம். படைத்தலைவர் கொற்றங்கோ தம் பெருத்த உடம்போடு குளத்துக்குள்ளேயே இறங்கினார். அப்போதுதான் நெற்களத்தில் வேலைசெய்யும் சிறைப்பெண் ஒருத்தி தங்கள் நாட்டவள் என்பது எனக்கு நினைவுக்கு வந்தது. உப்பு சுமந்து வந்தபோது போரில் அகப்பட்ட வேம்பி என்பவள் அவள். பகைநாட்டாளுக்கு நம் நிலைமை தெரியலாகாது என்று படைத்தலைவர் தடுத்தார். பல்லிகள் இறந்தால் அவளும் ஊர் திரும்ப முடியாது, நம்மைவிட அவளுக்கே அவற்றின் உயிர் பெரிது என்று சொல்லி நான் அழைப்பித்தேன்.

மண்டபத்தில் சுருண்டு கிடந்த ஆண்பல்லியைக் கண்டதும் அவள் மார்பில் அடித்துக்கொண்டாள். அவள் சொன்னதை அலங்காரமின்றி அப்படியே எழுதுகிறேன்: "ஏன்யா, இதுக்கு வெயில்தானே சோறு! பந்தலைப் போட்டுப் பட்டினி போட்டுருக்கீங்களே! சரி, இந்த ஊருல எங்கய்யா சுடும்?"

எங்கும் சுடாது என்றுதான் விடை சொல்ல வாயெடுத்தேன். ஆண்டில் ஒன்பது மாதம் மழை பெய்யும் ஊர் இது. பிறகு, வாள்கள் துருவேறாதிருக்கப் படைக்கலக் கொட்டிலில் மட்டும் ஓயாமல் கணப்புச் சட்டி எரிவது நினைவுக்கு வந்தது. ஓடினோம். ஈட்டிக் குவியலுக்குப் பின்னே, சாம்பல் மேட்டில் வயிற்றை அழுத்திக்கொண்டு, மஞ்சள் நிறமாய்த் தங்கள் பல்லி படுத்திருந்தது. என்னைப் பார்த்து வாலை ஓங்கிற்று. அமைச்சன் என்பதையும் மறந்து நான் அழுதேன்.

அன்றே வேம்பி சொன்னபடி எல்லாம் நடந்தது. வாளும் வேலும் கேடயமும் வெளியேறின. பொரி வறுப்போரை வரவழைத்து, ஆற்றுமணலை வாணலியில் ஈரம்போக வறுத்து, கொட்டில் முழுதும் முழங்கை ஆழத்துக்கு நிரப்பினோம். பட்டையான கருங்கற்களைக் கணப்பருகே அடுக்கி, அவற்றின் அடியில் வளைதோண்ட இடம் விட்டோம். தென்சுவரைத் திறந்து வெயிலுக்கு வழிசெய்தோம். ஈரம் இவற்றுக்கு ஆகாது என்று நீர்க்கிண்ணத்தை அவளே எடுத்து வெளியே வைத்தாள். முருங்கைக் கீரையும் பூசணிப்பூவும் முளைப்பயறும் போதும் என்றாள். எட்டாம் நாள் ஆண்பல்லியும் நிறம் தெளிந்து, தின்னத் தொடங்கிற்று. இப்போது இரண்டும் கொழுத்து, கல்மேல் ஏறி, வருவோர் போவோரை அதிகாரத்தோடு பார்க்கின்றன. சென்ற வாரம் பெண்பல்லி மணலுக்குள் பதினான்கு முட்டை இட்டிருக்கிறது.

இனி, முன்னாள் பகைவருக்கு எந்த அமைச்சனும் எழுதக்கூடாத செய்தியை எழுதுகிறேன். வெளியேறிய படைக்கலங்களை யானைக்கொட்டாரத்தில் அடுக்கினோம், மழை விடவில்லை, வேறு கொட்டில் எழுப்பச் சுவர் காயவில்லை. வாள்கள் உறையோடு ஒட்டிக்கொண்டன. வேல்முனைகள் கையில் உதிர்கின்றன. இன்று தாங்கள் படையெடுத்தால் எதிர்த்து நிற்க எங்களிடம் உலக்கைகள்தான் உண்டு. இதை அறிந்துகொண்டே வேந்தர் எழுதச் சொன்னார்; இதை அறிந்துகொண்டே நானும் நிம்மதியாக உறங்குகிறேன்.

இவ்வோலையைத் தங்களிடம் கொண்டுவருபவள் வேம்பி. ஆண்டு நிறையுமுன்னரே அவளையும் அவளோடு சிறைப்பட்ட அனைவரையும் வேந்தர் விடுவித்துவிட்டார். காவலர் ஒருவரும் உடன் வரவில்லை. என் எழுத்தில் பொய் இருந்தால் அவள் சொல்லட்டும்.

படைத்தலைவர் கொற்றங்கோவுக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. துருவேறிய வாள்களைக் கண்டு முதலில் சோறு தண்ணீரின்றிக் கிடந்தவர், இப்போது நாள்தோறும் பூசணிப்பூவோடு கொட்டிலுக்குப் போகிறார். பெரிய பல்லிகள் இரண்டையும் வழக்கப்படி தூதர் திரும்பக் கொண்டுசெல்லட்டும். முட்டைகளை அசைத்தால் பொரியா என்பதால் குஞ்சுகளை மட்டும் எங்களிடமே விட்டுவைக்கத் தேவியார் மனம் இரங்க வேண்டும் என்கிறார். நானும் அவரோடு சேர்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

தாங்கள் இசைந்தால் நடப்பிக்க வேந்தர் இட்ட ஆணை இது: அக்கொட்டிலில் ஒரு பல்லியேனும் உயிரோடிருக்கும்வரை வாளோ வேலோ வில்லோ அதனுள் நுழையலாகாது, படைக்கலங்களுக்கென வேறு கொட்டில் எழுப்பவும் ஆகாது.

மாசித் திங்கள், வளர்பிறை ஐந்தாம் நாள், ஏழருவி அரண்மனையில் எழுதி, முகில்முத்திரை இடப்பெற்றது. முத்திரை வைக்குமுன், இப்பல்லிகள் எத்தனை ஆண்டு வாழும் என்று வேந்தர் வேம்பியைக் கேட்டார். நன்றாக வளர்த்தால் இருபது ஆண்டுக்கு மேலும் வாழும் என்று அவள் விடையிறுத்தாள். அதைக் கேட்டபின்பே வைத்தார்.